இரண்டாவது வெனிஸ் ஆக்குவோம் என்றார்கள்: தெசலோனிக்காவின் ஆறரை வருடம், 1423–1430

பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டு நிருபங்கள் பைபிளில் இருப்பதால் இந்த ஊரின் பெயர் தமிழில் பலருக்கும் காதில் விழுந்திருக்கும். இன்றைய கிரேக்க நாட்டின் வடக்கில், ஏஜியன் கடல் நிலத்துக்குள் புகுந்து கிடக்கும் ஒரு வளைகுடாவின் தலைமாட்டில் இருக்கிறது தெசலோனிக்கா. கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்தில், தலைநகர் கொன்ஸ்தாந்திநோபிளுக்கு (இன்றைய இஸ்தான்புல்) அடுத்த பெரிய நகரம் இதுதான். 1423 செப்டம்பர் 14 அன்று இது வெனிஸ் குடியரசின் கைக்கு வந்தது. சண்டையே நடக்கவில்லை, ஊரே தன்னை ஒப்படைத்தது. 1430 மார்ச் 29 அன்று துருக்கிய ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் முராதின் படை உள்ளே புகுந்ததோடு வெனிஸின் ஆட்சி முடிந்தது.

ஒட்டோமான்கள் பலமாக இருந்தார்கள், வெனிஸ் தூரத்தில் இருந்தது, அதனால் நகரம் போயிற்று என்று ஒரே வரியில் இதைச் சொல்லிவிடுவது வழக்கம். அது பொய்யில்லை. ஆனால் அதே வெனிஸ் அதே ஒட்டோமான்களுக்கு எதிரே நெக்ரோபொந்தே தீவை, அதாவது யூபியாவை, 1470 வரை கையில் வைத்திருந்தது. கிரீட்டை 1669 வரை விடவில்லை. தெசலோனிக்காவில் மட்டும் ஏழு வருடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஏன் என்பதுதான் என் கேள்வி. இந்த நகரம் மதிலில் விழுவதற்கு முன்பே உள்ளுக்குள் விழுந்துவிட்டது என்பது என் எண்ணம். மதிலில் நின்ற காவல் வெளியே பார்த்த அளவுக்கு ஊருக்குள்ளேயும் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் காவலைப் பின்தொடர்ந்து போனால் மற்றதெல்லாம் விளங்கும்.

கொடுத்தவர்கள் ஏன் கொடுத்தார்கள்

தெசலோனிக்காவுக்கு ஒட்டோமான்கள் புதியவர்கள் இல்லை. நான்கு வருட முற்றுகைக்குப் பிறகு 1387இல் ஒருமுறை அவர்களிடம் விழுந்த ஊர் இது. 1402இல் அங்காரா போரில் சுல்தான் பயேசிதைத் தைமூர் தோற்கடித்ததும் ஒட்டோமான் அரசு வாரிசுச் சண்டையில் சிதறியது. அந்த இடைவெளியில், 1403 ஒப்பந்தப்படி, தெசலோனிக்கா மறுபடி பைசாந்தியத்துக்கு வந்தது. இது மிக முக்கியம். 1423இல் அந்த ஊரில் ஐம்பது வயதைக் கடந்த எவருக்கும் இரண்டு ஆட்சியும் தெரியும். முற்றுகை என்றால் என்ன என்று தெரியும். சரணடைந்து வரி கட்டிப் பிழைப்பதும் எப்படி என்று தெரியும்.

1421இல் முராது பட்டத்துக்கு வந்தார். கொன்ஸ்தாந்திநோபிள் அவரை விட்டு, அரியணைக்கு உரிமை கோரிய முஸ்தபாவை ஆதரித்தது. முஸ்தபா தோற்றார். கோபத்தோடு வந்த முராது 1422 கோடையில் கொன்ஸ்தாந்திநோபிளையே முற்றுகையிட்டார். அதே சமயம் எவ்ரெனோஸின் மகன் புராக் பே தலைமையில் ஒரு படை தெசலோனிக்காவைச் சுற்றி வளைத்தது. தலைநகரத்து முற்றுகை சில மாதங்களில் விலகிவிட்டது. தெசலோனிக்காவைச் சுற்றிய வளையம் விலகவில்லை.

ஊரை ஆண்டவர் பேரரசர் இரண்டாம் மானுவேலின் மகன் ஆந்த்ரோனிகோஸ் பாலியோலோகோஸ். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர், கடும் நோயாளி. கஜானாவில் பணமில்லை, தலைநகரிலிருந்து உதவியும் வரவில்லை. ஊருக்குள் இரண்டு பேச்சு ஓடியது. முராதிடம் நல்ல நிபந்தனை கேட்டுச் சரணடையலாம் என்பது ஒன்று. சாதாரண மக்களில் பலர் இந்தப் பக்கம். மேற்கத்தியர்களைக் கூப்பிடலாம் என்பது இன்னொன்று. பேராயர் சிமியோனுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. லத்தீன் திருச்சபையை, அதாவது மேற்கின் கத்தோலிக்கத் திருச்சபையை, அவர் கடுமையாக எதிர்த்தவர். ஆனாலும் ஒட்டோமானிடம் சரணடைவதை அதைவிடப் பெரிய கேடாக நினைத்தார். அவர் எழுதிவைத்தவற்றிலிருந்துதான் ஊருக்குள் எவ்வளவு பிளவு இருந்தது என்று நமக்குத் தெரிகிறது. ஆந்த்ரோனிகோஸ் வெனிஸைக் கூப்பிட்டார்.

ஐம்பதாயிரம் டுகாட்டுக்கு (டுகாட் என்பது வெனிஸின் தங்க நாணயம்) நகரத்தை விற்றுவிட்டார் என்று ஒரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. வெனிஸின் செனட் ஆவணங்களில் அப்படி ஒரு விற்பனைக்கு இடமில்லை. அவை காட்டுவது நிபந்தனையோடு கூடிய ஒப்படைப்பு: திருச்சபையில் கை வைக்கக் கூடாது, ஊரின் பழைய உரிமைகளும் வழக்கங்களும் தொடர வேண்டும், மக்கள் தங்கள் விருப்பப்படி வரவும் போகவும் சொத்தை விற்கவும் முடிய வேண்டும், வெனிஸ் ஊரைக் காக்க வேண்டும். இதில் ‘வரவும் போகவும்’ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெனிஸ் ஏன் வாங்கிக்கொண்டது? அந்த வருடம் ஏப்ரலில்தான் பிரான்செஸ்கோ ஃபோஸ்காரி புதிய டோஜேயாக, அதாவது குடியரசின் தலைவராக, தேர்வாகியிருந்தார். ஜூலையில் செனட் இந்தக் கோரிக்கையை எடுத்துக்கொண்டு, சாந்தோ வெனியேர், நிக்கோலோ ஜோர்ஜியோ என்ற இருவரைப் பொறுப்பாளர்களாக நியமித்து அனுப்பியது. கணக்கு எளிது. ஏஜியன் கடலின் வடமேற்கு மூலையில் இதைப் போன்ற துறைமுகம் வேறில்லை. ரோமர் காலத்து எக்னாத்தியா நெடுஞ்சாலை இதன் வழியாகத்தான் போகிறது. பால்கன் உள்நாட்டின் தானியமும் மெழுகும் தோலும் இங்கே இறங்கும். இது ஒட்டோமான்களிடம் போனால் அவர்கள் கப்பல் கட்டும் தளமாகிவிடும், நெக்ரோபொந்தேக்கு நேரே ஆபத்து. ஊரைக் காத்து, வளர்த்து, இரண்டாவது வெனிஸ் ஆக்குகிறோம் என்று வெனிஸ்காரர்கள் வாக்குக் கொடுத்ததாக அந்த நூற்றாண்டின் பைசாந்திய வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதுகிறார். செப்டம்பரில் அவர்களுடைய கப்பல்கள் தானியத்தோடு வந்து நின்றபோது, பட்டினி கிடந்த ஜனங்கள் மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள். அந்த மகிழ்ச்சி உண்மையானது என்றுதான் நான் நினைக்கிறேன்.

வயலை இழந்த ஊர்

வெனிஸின் மற்றக் காலனிகளைப் பார்த்தால் பெரும்பாலும் தீவு, இல்லையென்றால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கோட்டை. கப்பல் வந்துபோனால் உயிர் ஓடும். தெசலோனிக்கா அந்த வகை இல்லை. ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் மதிலுக்குள் அடங்கிய பெருநகரம் அது. அந்த ஜனங்களுக்குச் சோறு போட்டது மதிலுக்கு வெளியே இருந்த வயலும் தோட்டமும் மேய்ச்சல் நிலமும். வாசலைத் திறந்து காலையில் போய் மாலையில் திரும்பினால்தான் ஊர் ஊராக இருக்கும். 1422இல் அந்த வாசல் மூடியது.

வெனிஸின் கையில் வந்தது துறைமுகமும் பசியும் மட்டும்தான். உள்நாட்டுச் சரக்கு வரும் பாதை எதிரியிடம் இருந்ததால் வணிகத்துக்கு வழியில்லை. மறுபக்கம் பல ஆயிரம் வாய்களுக்குக் கிரீட்டிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் கோதுமை கப்பலில் வந்தாக வேண்டும். குளிர்காலத்தில் கடல் கொந்தளித்தால் அதுவும் நின்றது. கப்பல் தாமதமாகும் ஒவ்வொரு முறையும் விலை ஏறியது. முதலில் பணமுள்ளவர்கள் கடல் வழியாக வெளியேறினார்கள். அப்புறம் இல்லாதவர்கள் இரவில் மதிலிலிருந்து இறங்கி ஒட்டோமான் பக்கம் போனார்கள். கைவிடப்பட்ட வீடுகளை இடித்தார்கள், மரம் விறகாகப் போயிற்று. 1423இல் இருந்த மக்கள்தொகையை ஆய்வாளர்கள் இருபதாயிரம் முதல் நாற்பதாயிரம் வரை வெவ்வேறாக மதிப்பிடுகிறார்கள். கடைசி வருடத்தில் மிஞ்சியவர்கள் பத்தாயிரத்தை ஒட்டித்தான் இருப்பார்கள் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

1425 ஜூலையில் ஊர்க்காரர்களின் தூதுக் குழு ஒன்று வெனிஸுக்கே போய் 21 கோரிக்கைகளை வைத்தது. காவலர்களுக்குச் சம்பளம் கொடுங்கள், மதிலைச் செப்பனிடுங்கள், தானியம் தவறாமல் அனுப்புங்கள், எங்கள் உரிமைகளை உங்கள் அதிகாரிகள் மிதிக்கிறார்கள் என்று அந்தப் பட்டியல் போகிறது. அதில் கசாந்திரா பற்றிய கோரிக்கைதான் என்னை மிகவும் நிறுத்தியது. தெற்கே கடலுக்குள் நீளும் ஒரு தீபகற்பம் அது. தரையோடு சேரும் இடம் மிகக் குறுகலாக இருக்கும். அந்தக் கழுத்தை மட்டும் அரண் கட்டி அடைத்துவிட்டால் உள்ளே நிம்மதியாகப் பயிர் செய்யலாம், ஆடு மாடு மேய்க்கலாம். ஊர்க்காரர்கள் கேட்டது அதைத்தான். எங்களுக்கு வயல் கொடுங்கள் என்ற வேண்டுகோள் அது. நோயாளியே தன் நோயைச் சரியாகச் சொல்லி மருந்தையும் சொன்ன மாதிரி.

வெனிஸ் அதைக் காதில் வாங்காமல் இல்லை. அதே வருடம் கடற்படைத் தலைவர் ஃபந்தீனோ மிக்கியேல் கசாந்திராவையும் எதிர்க்கரையில் பிளாத்தமோன் கோட்டையையும் பிடித்தார். கிழக்கே கவாலாவும் கொஞ்ச காலம் கைமாறிக்கொண்டிருந்தது. ஆனால் பிடித்ததை நிலையாக வைத்துக்கொள்ளத் தேவையான ஆளும் பணமும் தொடர்ந்து வரவில்லை. ஊருக்கு வேண்டியிருந்த அந்த வயல், உத்தரவாதத்தோடு ஒருநாளும் கிடைக்கவில்லை.

சண்டையா, பேரமா

பொறுப்பாளர் ஜோர்ஜியோ முதலிலேயே சுல்தானிடம் தூது போனார். முராது அவரைப் பிடித்துச் சிறையில் வைத்தார். முராதின் வாதம் தெளிவாக இருந்தது: இந்த நகரம் என் முன்னோர் வென்றது, கிரேக்கர்கள் வைத்திருந்தால் ஒரு பேச்சு, இத்தாலியிலிருந்து வந்த நீங்கள் யார்? இந்த நிலையிலிருந்து அவர் கடைசி வரை அசையவில்லை.

வெனிஸ் அப்படி ஒரு நிலையில் நிற்கவில்லை. அதன் பாதி மனம் போரில், பாதி மனம் பேரத்தில். 1416இல் ஒட்டோமான் கடற்படையை நொறுக்கிய பியத்ரோ லொரெதானை ஒட்டோமான் கடற்படைத் தளமான கல்லிபோலிப் பக்கம் அனுப்பி நெருக்கடி கொடுத்தது. ஒட்டோமான் அரியணைக்கு உரிமை கோரிய இன்னொருவருக்கு ஆதரவு காட்டிப் பார்த்தது. கூடவே தூதர்களையும் அனுப்பிக்கொண்டே இருந்தது. வருடத்துக்கு ஒரு லட்சம் அஸ்பர் வெள்ளி நாணயம் கப்பம் கட்டுகிறோம் என்று ஆரம்பித்த பேரம், ஒன்றரை லட்சமாகி, 1428 வாக்கில் மூன்று லட்சம் வரை போனது. ஒவ்வொரு முறை தொகை ஏறும்போதும், இன்னும் கொஞ்சம் காத்திருந்தால் ஊரே கிடைக்கும் என்றுதான் முராதுக்குத் தோன்றியிருக்கும்.

இதற்கிடையில் வெனிஸ் தன் வீட்டு வாசலில் ஒரு போரை இழுத்துக்கொண்டது. 1425 டிசம்பரில் ஃபுளோரன்ஸோடு கூட்டுச் சேர்ந்து மிலான் கோமகன் ஃபிலிப்போ மரியா விஸ்கோந்தியை எதிர்த்து இறங்கியது. பணமும் கவனமும் லொம்பார்தியா சமவெளிக்குப் போயின. தெசலோனிக்காவுக்காக வருடம் 60,000 டுகாட் செலவாயிற்று என்கிறது அந்தக் காலத்து வெனிஸ் நாட்குறிப்பு ஒன்று. எந்த வருமானமும் திரும்பி வராத ஒரு துறைமுகத்துக்கு அது பெருந்தொகை. ஒட்டோமான்கள் மீது வெனிஸ் முறைப்படி போர் அறிவித்தது 1429இல். அதற்குள் ஐந்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அந்தக் கோடையில் அந்த்ரேயா மொசெனீகோ கல்லிபோலித் துறைமுகத்தைத் தாக்கித் தடுப்பை உடைத்து உள்ளே போனார், பின்னால் வரவேண்டிய கப்பல்கள் தொடரவில்லை, திரும்ப வேண்டியதாயிற்று.

யாரைப் பார்த்த காவல்

முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன அந்த நிபந்தனைக்கு இப்போது வருகிறேன். மக்கள் வரலாம், போகலாம், சொத்தை விற்கலாம் என்பது ஒப்பந்தம். ஊர் காலியாகத் தொடங்கியதும் வெனிஸ் அதிகாரிகள் அதை மீறினார்கள். வெளியேறத் தடை, சொத்தை விற்கத் தடை. அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் இதற்கு ஒரு நியாயம் உண்டு: ஆளே இல்லாத எட்டு கிலோமீட்டர் மதிலை யார் காப்பது? ஆனால் பசியில் இருப்பவனைப் பூட்டி வைத்தால் அவன் சாவி வைத்திருப்பவனைத்தான் எதிரியாகப் பார்ப்பான்.

சந்தேகம் முதலிலேயே வந்துவிட்டது. ஒட்டோமான்களோடு ரகசியமாகப் பேசினார்கள் என்று பிளத்திஸ்காலிதெஸ் என்பவரையும் வேறு மூன்று பிரமுகர்களையும் பிடித்துக் கிரீட்டுக்கு நாடு கடத்தினார்கள், பிறகு அவர்களை இத்தாலிக்கே கொண்டுபோனார்கள். விசுவாசமாக இருக்கட்டும் என்று வேறு சில உயர்குடியினருக்குப் படி கொடுத்தார்கள். கிரேக்கர்களை நம்பாததால் வெளியிலிருந்து கூலிக் காவலர்களைக் கொண்டுவந்தார்கள். செத்தாரியர் என்று ஊரார் அழைத்த அந்தக் கூட்டத்தின் வேலையில் பாதி, சரணடையலாம் என்று வாய் திறப்பவனைக் கவனிப்பது. 1430 முற்றுகையின்போது ஊருக்குள் இருந்த யோவான் அனாக்னோஸ்திஸ் தான் பார்த்ததை எழுதிவைத்திருக்கிறார். ஒட்டோமான்களுக்குப் பயந்த அளவுக்கு மக்கள் இவர்களுக்கும் பயந்தார்கள் என்பது அதைப் படித்தால் புரியும்.

1429 ஜூலையில் இரண்டாவது தூதுக் குழு போனது. இந்த முறை 31 கோரிக்கைகள். நான்கு வருடம் முன்பு கேட்டவற்றில் பல அதே வார்த்தைகளோடு திரும்ப வருகின்றன. அதே வருடம் செப்டம்பரில் பேராயர் சிமியோன் இறந்தார். ஊரைச் சேர்த்துப் பிடித்திருந்த ஒரே குரலும் போயிற்று.

மூன்று நாள்

1430 மார்ச் 26 ஞாயிற்றுக்கிழமை முராது பெரும்படையோடு வந்தார். உடனே தாக்கவில்லை. தன் படையில் இருந்த கிறிஸ்தவர்களை மதிலருகே அனுப்பிப் பேசச் சொன்னார். அம்பில் கட்டிய ஓலைகள் உள்ளே வந்து விழுந்தன: வாசலைத் திறந்தால் உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தில்லை. ஏழு வருடம் பட்டினி கிடந்தவர்களுக்கு அந்த ஓலை என்னவாக இருந்திருக்கும்! வெனிஸ் அதிகாரிகள் யாரையும் பேச விடவில்லை. மதிலில் இரண்டு மூன்று ஞாயில்களுக்கு (மதில் உச்சியில் பல் போல நிற்கும் மறைப்புகளுக்கு) ஒரு ஆள் என்ற அளவில்தான் காவல் இருந்தது, அதிலும் பலரிடம் சரியான ஆயுதமில்லை.

28ஆம் தேதி இரவுதான் எல்லாவற்றையும் முடித்தது. ஜனங்கள் புனித தெமெத்ரியோஸ் கோயிலில் கூடி வேண்டிக்கொண்டிருந்தார்கள். ஒட்டோமான் கப்பல்கள் வந்து துறைமுகத்தில் நிற்கும் துடுப்புப் போர்க்கப்பல்களைக் கொளுத்தப் போகின்றன என்று வெனிஸ்காரர்களுக்குத் தகவல் வந்தது. உடனே மதிலில் இருந்த தங்கள் ஆட்களை இறக்கித் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். கிரேக்கர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருட்டில், பக்கத்தில் நின்ற ஆயுதம் தாங்கியவர்கள் கடலை நோக்கி இறங்கிப் போவதை மட்டும்தான் மதிலில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஓடுகிறார்கள் என்று நினைத்தார்கள். வேறென்ன நினைப்பது? நள்ளிரவுக்குள் பலர் தங்கள் இடத்தை விட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆறரை வருடம் ஒருவரையொருவர் நம்பாமல் இருந்ததன் விலை அந்த ஒரு இரவில் வசூலாயிற்று. சொல்லியிருந்தால் காலையில் மதிலில் இன்னும் சில நூறு பேர் நின்றிருப்பார்கள். ஊர் பிழைத்திருக்காது, ஆனால் அப்படித் திறந்து கிடந்திருக்காது.

விடிந்ததும் கிழக்கு மதில் முழுவதும் ஏணிகள் சாய்ந்தன. கோட்டைக் கொள்ளை படைக்கு, நிலமும் கட்டிடமும் மட்டும் எனக்கு என்று முராது அறிவித்திருந்தார். திரிகோனியோன் கோபுரத்தருகே ஒரு வீரன் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினான். மேலே காயத்தோடு கிடந்த ஒரு வெனிஸ்காரனின் தலையை வெட்டி வெளியே எறிந்தான். அதைப் பார்த்துக் கீழே இருந்தவர்கள் கூட்டமாக ஏறினார்கள். முற்பகலுக்குள் ஊர் அவர்கள் கையில் இருந்தது. ஜனங்கள் துறைமுகத்துக்கு ஓடினார்கள். மிஞ்சிய வெனிஸ்காரர்கள் கப்பலேறித் தப்பிக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்களில் பெரும்பாலோருக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. ஏழாயிரம் பேர் அடிமைகளாகப் பிடிபட்டார்கள் என்கிறார் அனாக்னோஸ்திஸ். கழுத்தில் கயிறும் சங்கிலியுமாக, தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கமாகப் பிரிந்தார்கள்.

பிறகு

அந்த வருடம் செப்டம்பரில் வெனிஸ் முராதோடு சமாதானம் செய்துகொண்டது. நகரம் போனது போனதுதான் என்று ஒப்புக்கொண்டது, தன் வணிகம் தொடர வழி செய்துகொண்டது. அக்டோபரில் அதே ஒட்டோமான் படையிடம் யோவானினா நகரம் பேசிச் சரணடைந்து, கொள்ளையிலிருந்து தப்பித்தது. தெசலோனிக்காவில் பேச விடாமல் தடுத்த அந்த ஓலையைத்தான் யோவானினா படித்துக் கையெழுத்துப் போட்டது.

முராதுக்கு வேண்டியது ஆளில்லாத மதில் இல்லை, வேலை நடக்கும் நகரம். பிடிபட்டவர்களில் சிலரைத் தன் செலவில் மீட்டார். செர்பிய ஆட்சியாளர் ஜூராஜ் பிரான்கோவிச்சும் பலரைப் பணம் கொடுத்து மீட்டார். வெளியேறியவர்கள் திரும்பலாம் என்று அறிவிப்பு போனது. பக்கத்து ஊரான யெனிஜேவிலிருந்து ஆயிரம் துருக்கியர்களைக் கொண்டுவந்து குடிவைத்தார். அகேய்ரோபோயேதோஸ் கோயிலை உடனே மசூதியாக்கினார்கள். அதன் வடக்கு வரிசைத் தூண் ஒன்றில் சுல்தான் முராது தெசலோனிக்காவை 833இல், ஹிஜ்ரி கணக்கில், வென்றார் என்று வெட்டிய எழுத்து இன்னும் இருக்கிறது. அந்த ஊரின் வாசல்கள் மறுபடி காலையில் திறந்து மாலையில் மூடத் தொடங்கின.

அனாக்னோஸ்திஸும் பிடிபட்டு, மீட்கப்பட்டு, திரும்பி வந்தவர்களில் ஒருவர். இரண்டொரு வருடத்தில் வீடுகளையும் மடங்களையும் கணக்கெடுத்துப் புதிதாக வந்தவர்களுக்குப் பங்கிட்டபோது, ஏன் திரும்பி வந்தோம் என்று அவர் மனம் நொந்து எழுதினார்.